வீரனும் ரெண்டு முழம் பைப்பும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு இந்தப் பூமியில் இத்தனை மகத்தான நாள் விடிந்ததில்லை.

இதை ஒலிபெருக்கியில் சொன்னவர் மண் மீட்பு நிலையத்தின் இயக்குநர். நெருப்புக்கு அடுத்தபடியான நாள் என்று அவர் அறிவித்ததில் இது மூன்றாவது. முதலாவது, நிலையத்துக்கு இரும்புக் கேட் மாட்டிய அன்று. இரண்டாவது, நகலெடுக்கும் இயந்திரம் வந்து இறங்கிய அன்று. தும்மினால்கூட ‘சரித்திரத்தில் முதன்முறையாக’ என்று தொடங்கித்தான் தும்முவார் என்பதால் நிலையத்தில் அவருக்குச் சரித்திரம் என்று பெயர். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் சரித்திரம்.

மூன்றாவது மகத்தான நாளில் மேடைக்குக் கீழே ஓர் எஃகுப் பீப்பாய் பளபளத்துக்கொண்டு நின்றது. அதற்குள் இருந்தது வெடிமருந்தைத் தின்னும் பாக்டீரியா. இயக்குநர் தன் இளம் வயதில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கண்டெடுத்து, இத்தனை வருஷமும் ஊட்டி வளர்த்தது. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் வீரன். வீரனைப் பூமிக்குள் இறக்கிவிட்டால், நிலத்தடி நீரில் கலந்திருக்கும் விஷத்தை அவன் ஒரு கை பார்த்துவிடுவான் என்பது திட்டம்.

விஷம் வந்த கதை சின்னது. நிலையம் இருக்கும் இடத்தில் முன்பு பீரங்கிக் குண்டுகளுக்கு மருந்து அடைக்கும் தொழிற்சாலை இருந்தது. மருந்து அடைத்த தரையைத் தினமும் கழுவி, கழுவின தண்ணீரைப் பின்பக்கம் கொட்டினார்கள். சண்டை ஓய்ந்தது, தொழிற்சாலையைப் பூட்டினார்கள், ஆட்கள் போனார்கள். மருந்து மட்டும் போகவில்லை. மழைக்கு மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே ஓடும் ஊற்றோடு சேர்ந்து, சரிவில் இருந்த தெருக்களின் பக்கம் நடையைக் கட்டியது. அந்தத் தண்ணீரை இறைத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பெண் பார்க்க வந்தவர்களைக் கண்ட மாதிரி வெட்கப்பட்டு ரோஸ் நிறமாகிவிடும்.

இந்த வெட்கத்தை முதலில் கண்டுபிடித்தது எந்த விஞ்ஞானியும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள். சரிவின் அடியில் இருந்த சலவைக்கடைக்கு வெள்ளையாக வந்த விரிப்புகள், கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டதும் மொத்தமாக ரோஸ் ஆயின. ஆஸ்பத்திரி முழுக்க ஏதோ கல்யாண மண்டபம் போல இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகளில் தண்ணீர் தேறினால்தான் மூடியைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து சலவைக்கடைக்காரம்மா லாரித் தண்ணீரில் துவைத்தார். சோப்பைவிடத் தண்ணீர் விலை கூடிய தொழில் எத்தனை நாள் ஓடும்? ஆஸ்பத்திரிக்காரர்கள் மழைக்காலம் வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் சொந்தக் கிணறு திறக்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி போனால் கடை போயிற்று.

சலவைக்கடைக்காரம்மாவுக்கு ஒரே மகன். கடை வண்டியை ஓட்டுபவன். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண், மண் மீட்பு நிலையத்தில் ஆய்வாளராக வேலை பார்ப்பவள். அதாவது, மாமியாரின் கிணறு மருமகளின் கையில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மகனுக்கு ஏதோ ஒரு வீட்டில் துணி கொடுக்க வேண்டியது ஞாபகம் வந்துவிடும்.

“ஏம்மா, உங்க வீரன் எப்ப வேலைக்கு வர்றான்?” என்று கேட்பார் மாமியார்.

“இறக்கி விட்டாச்சு அத்தை.”

“எறக்கி விட்டா? எம் மகனையுந்தான் எறக்கி விட்டேன். எங்க வேலை பாக்குறான்?”

வீரனை இறக்கிய கதை மருமகளுக்கு மட்டுமே முழுசாகத் தெரியும். மேடைக்குப் பந்தல் இருந்தது, பீப்பாய்க்கு இல்லை. இயக்குநர் நெருப்பில் தொடங்கி, சக்கரத்துக்கு வந்து, உழவு, எழுத்து, நீராவி என்று ஒவ்வோர் ஊரிலும் இறங்கி ஏறித் தன் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள், உச்சிவெயில் பீப்பாயைத் தொட முடியாதபடி காய்ச்சிவிட்டது. பேண்டு வாத்தியம் முழங்க, உள்ளே இருந்ததைக் குழாய் வழியாகப் பூமிக்குள் ஊற்றினார்கள். ஆவி பறந்தது. பார்த்தவர்கள் அதையும் விஞ்ஞானம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மருமகள் பீப்பாயின் அடியில் மிச்சமிருந்ததை எடுத்து வளர்த்துப் பார்த்தாள். எதுவும் வளரவில்லை. இயக்குநரிடம் போனாள்.

“சார், வீரன் செத்துட்டான். வெயில்ல வெந்துட்டான்.”

“சாகல. புது இடம் இல்லையா? ஓய்வுல இருக்கான்.”

“பதவி ஏத்த அன்னிக்கேவா சார்?”

“பெரியவங்க எல்லாரும் அப்படித்தான்” என்றார் இயக்குநர், மிகவும் யோசித்து.

ஆனால் நடந்தது அதிசயம்தான். சில மாதங்கள் கழித்து, நிலையத்து வளாகத்தில் தண்ணீரைப் பார்ப்பதற்காக ஆங்காங்கே இறக்கியிருந்த குழாய்களில், அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயின் தண்ணீர் வெட்கப்படுவதை நிறுத்தியது. வெயிலில் வைத்தாலும் தெளிவாகவே நின்றது. பிறகு சரிவில் அடுத்த குழாய். பிறகு அதற்கும் அடுத்தது. அலுவலகத்தின் பின்சுவரிலிருந்து ஒரு நல்ல காரியம் புறப்பட்டு மெல்லச் சலவைக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மாமியாரின் கிணற்றில் முத்திரையைப் பிரித்து மாதிரி எடுத்தபோது, முதல் பரிசோதனையில் மயிரிழையில் தேறிவிட்டது.

“எழுந்துட்டான்!” என்றார் இயக்குநர். பத்திரிகைகளுக்கு அறிக்கை போனது. அலுவலகத்துக்குப் பின்னால் மட்டும் ஏன் முதலில் சுத்தமானது என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, “தலைமை எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் மாற்றம் தொடங்கும்” என்று பதில் சொன்னார். நிருபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மருமகள் அந்தத் தண்ணீரில் வீரனைத் தேடினாள். எங்கும் இல்லை. இருந்தவை வேறு. தொழிற்சாலைக் காலத்திலிருந்தே அந்த மண்ணில் குடியிருக்கும் பழைய பாக்டீரியாக்கள். பீப்பாய், பேண்டு, பேர் எதுவும் இல்லாதவை. அவற்றுக்கு வெடிமருந்தை உடைக்கும் வித்தை முன்பே தெரியும். ஆனால் வெறும் வெடிமருந்தை மட்டும் தின்று யாரால் குடும்பம் நடத்த முடியும்? சோறு ஒரு பக்கம் கிடைத்தால்தான் இதைத் தொட்டுக்கொள்ள முடியும். சோறு இல்லாததால் இத்தனை காலமும் சுருண்டு கிடந்தன. இப்போது எங்கிருந்தோ பந்தி நடக்கிறது. வயிறார உண்டு, காற்றையெல்லாம் இழுத்துத் தீர்த்து, காற்றில்லாத மண்ணில் வெடிமருந்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கின்றன. பரிமாறுவது யார் என்பதுதான் தெரியவில்லை.

மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சர்க்கரை தெரிந்தது. பால் தெரிந்தது. சோப்பு தெரிந்தது. நான்காவதாகத் தெரிந்ததைச் சோதிக்கத் தேவையிருக்கவில்லை; மூக்கே சொன்னது. அவள் நேரே பிளம்பரைத் தேடிப் போனாள்.

வீரன் இறங்கிய அதே வாரத்தில்தான் இயக்குநரின் அறைக்குள் அவருக்கென்று தனிக் கழிப்பறை ஒன்று கட்டினார்கள். அதற்கும் நாடா வெட்டும் எண்ணம் அவருக்கு இருந்தது. சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது என்று முடிவாகாததால் விட்டுவிட்டார். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். பக்கத்துக் கேன்டீனில் டம்ளர் கழுவும் தண்ணீரையும் சிக்கனம் கருதி அதே குழாயில்தான் சேர்த்திருந்தார்கள்.

“அண்ணே, சார் ரூம் லைனு எங்க போகுது?” என்று கேட்டாள் மருமகள்.

“செப்டிக் டேங்குக்குப் போகுது மேடம்.”

“போகுதா?”

பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போகணும்.”

“அண்ணே.”

“அன்னிக்கு ரெண்டு முழம் பைப்பு பத்தல மேடம். கடைய மூடிட்டான். சார் வேற, விடிஞ்சா நான் உள்ள போயே ஆகணும்னு தலைமேல நின்னாரு. நடுவுல அந்த ரெண்டு முழத்த மட்டும்… மண்ணு பாத்துக்கும்னு மூடிட்டேன்.”

“பாத்துக்கிச்சு” என்றாள் மருமகள்.

பிளம்பர் திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விழவில்லை. திறந்து பார்த்தபோது, இந்தப் படித்த பெண் தன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு இன்னும் பயந்துபோனார்.

அவள் முதலில் செய்த காரியம், மாமியாரின் கிணற்றுக்கு நோய்க்கிருமி ஏதும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்ததுதான். சேரவில்லை. நடுவில் இருந்த அத்தனை மணலும் வடிகட்டிவிட்டது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தாள். அதன் பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுசையும் கேட்டார். அறை முழுக்க ஆவியும் கஞ்சி வாசனையும் நிறைந்திருந்தன. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு நின்றபின் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எந்தெந்தக் கோயிலுக்கெல்லாமோ வேண்டிக்கிட்டேன். இங்க ஒரு மனுஷன் தெனமும் காலைல வந்து நடத்திக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அவருக்கே தெரியாம.”

இதோடு கதை முடிந்திருக்கும், உயர்மட்டக் குழு ஒன்று வரப்போவதாகச் செய்தி வராமல் இருந்திருந்தால். வீரனின் வெற்றியை நேரில் காண மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வந்தால் இயக்குநர் அறையில்தான் உட்காருவார்கள். அங்கே கொஞ்ச நாளாக ஒரு வாடை. இயக்குநர் உத்தரவு போட்டார்: கழிப்பறையை இடித்துப் புதுசாகக் கட்டுங்கள், தரையைத் தோண்டிக் குழாயையும் மாற்றுங்கள்.

மருமகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மண்ணுக்குள் இன்னும் நிறைய மருந்து இருந்தது. பந்தியை நிறுத்தினால் பழைய குடிகள் மறுபடி சுருண்டு படுக்கும். தண்ணீர் மறுபடி வெட்கப்படும். முதல் பரிசோதனை மயிரிழையில் தேறியது, இரண்டாவது தேறாது. மழைக்காலம் வாசலில் நிற்கிறது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. கறுப்பாகக் கொழகொழவென்று இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, வளாகத்தில் இறக்கியிருந்த குழாய்களில் ஊற்றினால் இந்தப் பாக்டீரியாக்களுக்கு அதைவிட விருந்து கிடையாது. அவள் முன்பே கேட்டிருந்தாள். “வீரன் இருக்கும்போது பாகு எதுக்கு?” என்று இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது கையெழுத்து வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்றால் அந்தக் காரணம்தான்.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

“சார், இந்த வெற்றியில உங்க பங்கு… நீங்க நினைக்கிறத விட…”

“அதிகம்” என்றார் இயக்குநர், தலையை அடக்கமாகக் குனிந்து. “எனக்குத் தெரியும்மா. ஆனா நாமளே சொல்லிக்கக் கூடாது.”

அவள் வெளியே வந்துவிட்டாள்.

“இதுக்கா உன்ன அத்தன வருஷம் படிக்க வச்சாங்க?” என்றார் மாமியார். “ஒருத்தர்கிட்ட போயி, ஐயா உங்க பைப்பு ஒழுகுதுன்னு சொல்ல வாய் வரல?”

“நீங்க சொல்லிப் பாருங்க அத்தை.”

சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே மாமியார் இயக்குநரின் சலவைச் சட்டைகளை ஹேங்கரில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே மருமகள் ஓடினாள்.

இயக்குநர் கண்ணாடியைப் பார்த்துக் குழுவுக்கான வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்கம்மா. குடுத்து அனுப்பியிருக்கலாமே.”

“நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு தோணுச்சு சார்.”

நன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் இயக்குநர் நாற்காலியிலேயே கொஞ்சம் வளர்ந்தார். “உட்காருங்க, உட்காருங்க.”

“கெணறு தெளிஞ்சுக்கிட்டு வருது. எல்லாம் உங்களாலதான்.”

“என்னாலன்னு சொல்லாதீங்கம்மா. வீரன்…”

“வீரன் இல்ல சார். நீங்கதான். தெனமும் நீங்க உள்ள போயிட்டு வர்றீங்களே, அதான்.”

“உள்ளன்னா?”

மாமியார் மூலையிலிருந்த ஒடுக்கமான கதவை முகவாயால் காட்டினார்.

இயக்குநர் கதவைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவளுக்கு இப்போது வாய் வந்துவிட்டது. வெந்துபோன வீரன், ரெண்டு முழம் பைப்பு, பழைய குடிகள், பந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குழாயை இப்போது மாற்றினால் கிணறு போகும், கிணறு போனால் கடை போகும் என்பதையும் சொன்னாள்.

இயக்குநர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“எங்களுக்கு. அப்புறம் பிளம்பருக்கு.”

“அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பானே!”

“பைப்பு பத்தாம வேல செஞ்சத எந்தப் பிளம்பரும் வெளிய சொல்ல மாட்டாங்க சார்” என்றார் மாமியார்.

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி பேசியபோது குரலில் ஒலிபெருக்கி இல்லை. “அப்போ வீரன் ஒண்ணுமே பண்ணலையா?”

புட்டியில் அவனுக்குத் தினமும் இரை மாற்றிய இளைஞன் ஒருவன் அந்தச் சட்டைக்குள் எங்கோ இருப்பது மருமகளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

“வேற பாட்டில்ல இருப்பான்ல சார்?” என்றார் மாமியார்.

“இருக்கான். ஃபிரிட்ஜ்ல.”

“அப்பறம் என்ன? இன்னொரு எடத்துக்கு ஆவான். அடுத்த தடவ மட்டும் நெழல்ல வச்சுக்கிட்டுப் பேசுங்க.”

இயக்குநர் மெல்லத் திரும்பினார். “இது வெளிய தெரிஞ்சா எவ்வளவு கேவலம்!”

“எது சார் கேவலம்? ஊரு அழுக்கத் தொவச்சுத்தான் நான் வீடு கட்டுனேன். பெரிய வீட்டு அழுக்கு, சின்ன வீட்டு அழுக்குன்னு எனக்கு எதுவும் தெரியாது. இது எல்லாருக்கும் உள்ளதுதான். மத்தவங்களோடது வீணாப் போகுது. உங்களோடது நாலு பேருக்கு ஆகியிருக்கு. அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன். சும்மா சொல்லல சார், மனசாரச் சொல்றேன்.”

மாமியார் கும்பிட்ட விதத்தில் கேலி இல்லை. நிலையத்தில் எத்தனையோ மாலை வாங்கியவர் இயக்குநர். எல்லாம் அவரே ஏற்பாடு செய்தவை. ஏற்பாடு செய்யாத நன்றி ஒன்று எதிரே வந்து நின்றதும் அதை எந்தக் கையால் வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பாகுக்கான தாளைக் கேட்டு வாங்கினார். ‘கழிவுப்பாகு’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘உயிரூட்டக் கரைசல்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். பாகு வந்து சேரும் வரை கழிப்பறையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவையும் திருத்தினார்.

பாகு சீக்கிரம் வரவில்லை. ஆலையில் லாரி இல்லை. லாரி வந்தபோது டிரைவர் இல்லை. அந்த வாரங்களில் இயக்குநரிடம் ஒரு மாற்றத்தை நிலையம் முழுக்கக் கவனித்தது. விடுமுறை நாட்களிலும் காலையில் அலுவலகம் வந்தார். பேப்பர் படித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போனார். “என்ன உழைப்புய்யா!” என்று வாட்ச்மேன் வியந்தார். வீட்டில் அவர் மனைவி, “ஏன், நம்ம வீட்ல இல்லாததா?” என்று கேட்டதற்கு, “நாட்டுக்காக” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாராம். கேன்டீனில் டீக்குச் சர்க்கரையைக் கூட்டிப் போடச் சொன்னார். குடித்தவர்கள் பாதியை அப்படியே வைத்தார்கள். மீதி டம்ளர் கழுவும் தொட்டிக்குப் போனது. அவர் எதிர்பார்த்ததும் அதுதான்.

உயர்மட்டக் குழு, பாகுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சொம்பு பழச்சாறு கொடுத்தார்கள். வீரனின் வெற்றியைப் பற்றி இயக்குநர் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். பழைய பாக்டீரியாக்களைப் பற்றி ஆய்வாளரே சொல்வார் என்று மருமகளை முன்னால் தள்ளிவிட்டார். குழுத் தலைவர் நடுவில் எழுந்து, “இங்கே… அந்த வசதி…” என்று இழுத்தார். இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அதுவரை யாருக்கும் தராத சாவியை எடுத்து நீட்டினார்.

“தாராளமா.”

தலைவர் போனபின் உறுப்பினர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவள் ஒவ்வொரு முறை தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டபோதும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் விருந்தோம்பல் சிறப்பு, காற்றோட்டம் தேவை என்று குழு எழுதிவிட்டுப் போனது.

பாகு வந்தது. குழாய்களில் ஊற்றினார்கள். கறுப்பாக, பேண்டு இல்லாமல், நிழலில் வைத்து. அதற்குப் பிறகு பிளம்பர் தரையைத் தோண்டி அந்த ரெண்டு முழத்தைப் போட்டு மூடினார். மழைக்காலத்தின் முதல் தூறல் விழுந்த வாரத்தில் மாமியாரின் கிணற்றில் இரண்டாவது மாதிரி எடுத்தார்கள். தேறியது. இந்தமுறை மயிரிழையில் இல்லை, நன்றாகவே தேறியது.

மூடி திறக்கும் விழாவைச் சலவைக்கடை முற்றத்தில், துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “மனிதன் நெருப்பைக்…” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். வானத்தைப் பார்த்தார். “வெயில் வந்துடும். தண்ணிய எடுங்க” என்று சொல்லி இறங்கிவிட்டார். அவர் பேச்சுகளிலேயே உண்மையான கைதட்டல் வாங்கியது அதுதான்.

அரக்கை உடைத்தார்கள். முதல் வாளித் தண்ணீரை இறைத்து நடு முற்றத்தில் வெயில்படும் இடத்தில் வைத்தார்கள். எல்லாரும் அதைச் சுற்றி நின்று, அது வெட்கப்படுகிறதா என்று பார்த்தார்கள். மேகம் வந்தது, போனது. வெயில் வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மாமியார் எழுந்து வந்து ஓர் ஆஸ்பத்திரி விரிப்பை அதில் முக்கி, அலசி, பிழிந்து, உதறிப் பிடித்தார். வெள்ளை. முழங்கை வரை நனைந்த கையோடு அப்படியே நின்றார். “போதும்மா, எல்லாரும் பாத்துட்டாங்க” என்று மகன் சொன்ன பிறகும் விரிப்பைக் கீழே இறக்கவில்லை.

கடைசியாக மருமகள் நன்றியுரை சொன்னாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த உரை. பொய் சொல்லக் கூடாது, உண்மையையும் உடைக்கக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக் கோத்திருந்தாள். காலங்காலமாக இந்த மண்ணுக்குள் பேர் இல்லாமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி என்றாள். பசித்திருந்த அவர்களுக்கு, பலன் கருதாமல் தினமும் சோறு போட்டவருக்கு நன்றி என்றாள். இயக்குநர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார், காது சிவந்திருந்தது. மண்ணின் மேல் நம்பிக்கை வைத்த பிளம்பருக்கும், சர்க்கரை ஆலைக்கும், லாரி டிரைவருக்கும், உயர்மட்டக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும், பொறுமை காத்த ஆஸ்பத்திரிக்கும், டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போட்ட கேன்டீனுக்கும், நாற்காலி கொடுத்தவருக்கும், மைக் செட் போட்டவருக்கும் நன்றி சொன்னாள். கூட்டம் நீளமாகக் கைதட்டியது. அவள் கும்பிட்டுவிட்டு வந்து, முன்வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாமியாருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டிருந்தாள்.